வடக்குப் பகுதி சுத்தம்

3.6.2024, திங்கள்

காலை ஆறு பத்துக்குப் பழைய சந்தைப் பூங்காவுக்குள் நுழைந்தேன். கேட்டுக்குப் பூட்டு இல்லை. பூட்டுப் போட கேட்டே பாதிதான் மிச்சம் இருக்கிறது. நகராட்சியின் அனுமதிக் கடிதம் கைப்பையில், கருவி தோளில்.

முப்பத்தாறு வருடம் போலீஸ் வேலை. அதில் கடைசிப் பத்தொன்பது வருடம் வெடிகுண்டு கண்டறியும் பிரிவு. அன்றன்றைக்கு நடந்ததை அன்றன்றைக்கே எழுதிப் பழகிய கை, ஓய்வு பெற்ற இந்த இரண்டு வருடமாக எழுத ஒன்றும் இல்லாமல் அரித்துக்கொண்டிருந்தது. இன்று முதல் எழுத விஷயம் இருக்கிறது.

விஷயம் இதுதான். இந்தப் பூங்காவை மொத்தமாகத் தோண்டி, அடியில் மழைநீர்த் தொட்டி கட்டி, மேலே புதுப் பூங்கா போடப்போகிறார்கள். 24ஆம் தேதி ஜேசிபி வருகிறது. முன்பு இங்கேதான் வாரச்சந்தை கூடிக்கொண்டிருந்தது. நூறு வருடம் சந்தை நடந்த மண்ணில் காசு விழாமல் இருக்காது. தோண்டிய மண் லாரியில் ஏறிப் போய் எங்கேயாவது ஒரு பள்ளத்தை நிரப்பும், அதோடு கதை முடிந்தது. அதற்கு முன் என் மெட்டல் டிடெக்டரோடு ஒரு தடவை நடந்து பார்க்கிறேன் என்று மனு கொடுத்தேன்.

உதவிப் பொறியாளர் கோமதிநாயகம் இரண்டு நிபந்தனை போட்டார். கிடைப்பதை எல்லாம் தாசில்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். பார்த்து முடித்த ஒவ்வொரு பகுதிக்கும் அறிக்கை தர வேண்டும்.

“நீங்க சுத்தம்னு எழுதிக் குடுத்துட்டா, பின்னாடி யாரும் புதையல் அது இதுன்னு கிளப்ப மாட்டாங்க மேடம்,” என்றார். சரியாகத்தான் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் நான் சுத்தம் என்று சொன்ன இடம் எதுவும் வெடித்ததில்லை.

இன்றைய கணக்கு: சோடா மூடி பதினெட்டு, ஆணி எண்ண முடியவில்லை, ஒரு லாடம், சதுரமான இரண்டணா ஒன்று. இரண்டணாவில் வருடம் 1919. தண்ணீரில் மட்டும் கழுவி, துணியில் ஒற்றி, கவரில் போட்டு எண் எழுதிவிட்டேன். தேய்க்கக் கூடாது.

4.6.2024, செவ்வாய்

நெளிநெளி ஓரம் போட்ட ஓரணா நான்கு. எட்டு மூலை நாலணா ஒன்று. கிழக்குப் பகுதி பாதி முடிந்தது.

கருவியில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. அடியில் கிடப்பது இரும்பா வெள்ளியா என்று எண் காட்டும். வாங்கிய அன்றே அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். திரையைப் பார்க்கிறவன் காதை நம்பாதவன். எங்கள் பிரிவுக்கு வந்த எல்லாப் புதுப் பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். இரும்பு அடித்தொண்டையில் உறுமும். வெள்ளையான அணாக் காசு நடுக்குரல். செம்பும் வெள்ளியும் உச்சக் குரல். காதுதான் கருவி, மற்றதெல்லாம் கைப்பிடி.

5.6.2024, புதன்

இவர் குரல் வர வர ரொம்பக் கூடிவிட்டது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் அருளானந்து. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். குரல் பெரிதாக இருப்பது நியாயம்தான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு குறைய வேண்டாமா? இன்று காலை “தோசை ஆறுது” என்பதைத் தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். “நான் பக்கத்துலதானே இருக்கேன்” என்றேன். சட்னியை நகர்த்தி வைத்தார்.

கேஸ் சிலிண்டர்க்காரன் பெல் அடிக்காமலே திரும்பிப் போய்விட்டான். நாளை ஏஜென்சிக்குப் போய் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

7.6.2024, வெள்ளி

கிழக்கும் தெற்கும் முடிந்தன. பகுதிக்கு ஓர் அறிக்கை. கயிறு கட்டி, ஓரடிக்கு ஓரடி விட்டு, ஒரு வீச்சின் மேல் மறு வீச்சு பாதி படும்படி நடக்கிறேன். முடித்த பாத்திக்கு மஞ்சள் கொடி. பூங்காவில் இத்தனை ஒழுங்காக எதுவும் நடந்து பத்து வருடம் ஆகியிருக்கும்.

இதுவரை அணாக் காசுகள் முப்பத்தொன்று. எல்லாம் வெள்ளை உலோகம். ஒரு செப்புக் காலணாகூட இல்லை. சந்தையில் அதிகம் புழங்கியது காலணாதானே, எப்படி ஒன்றுகூட விழாமல் போயிற்று என்று யோசித்தேன். செம்புக்கு எப்போதும் மதிப்பு உண்டு. விழுந்ததை அன்றைக்கே தேடி எடுத்திருப்பார்கள்.

9.6.2024, ஞாயிறு

பூசைக்குப் போனோம். புது சாமியார் பிரசங்கத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். செமினாரியில் பேசக் கற்றுத்தருவதில்லையா தெரியவில்லை. வெளியே வந்ததும் இவரிடம் கேட்டேன், “என்னதாங்க சொன்னாரு?” முழுப் பிரசங்கத்தையும் வீடு வரை சொல்லிக்கொண்டே வந்தார். அவ்வளவும் இவருக்கு எப்படி விளங்கியது?

13.6.2024, வியாழன்

வடக்குப் பகுதி. பெரிய பகுதி, செம்பருத்திப் புதர்கள் வேறு. கருவியின் ஸ்பீக்கரை முழு அளவில் வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் ஆணி, கம்பித் துண்டு, ஒரு பூட்டின் நாக்கு. அவ்வளவுதான்.

தோட்ட வேலைக்கு நகராட்சியிலிருந்து வரும் பொன்னுத்தாய் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். மண்வெட்டி பிடிப்பதில் ஆண்களைத் தோற்கடிப்பாள். ஏதோ சொன்னாள். பக்கத்தில் போய் என்னவென்று கேட்டேன்.

“இன்னைக்கு அணிலு சத்தம் தாங்கலைன்னேன் எஸ்ஐயம்மா. காலையில இருந்து கீச்சு கீச்சுன்னு ஒரே கத்து.”

நான் ஓர் அணிலைக்கூடப் பார்க்கவில்லை.

15.6.2024, சனி

வடக்கு முடிந்தது. ஒரு காசுகூட இல்லை.

17.6.2024, திங்கள்

கோமதிநாயகத்தின் மேசையில் அறிக்கையை வைத்தேன். “வடக்குப் பகுதி முழுவதும் முறைப்படி சோதனை செய்யப்பட்டது. மதிப்புள்ள பழைய பொருள் எதுவும் இல்லை. சுத்தம்.” அவர் சந்தோஷப்பட்டார். தொட்டிக்கு ஆழம் அதிகம் வேண்டியது வடக்கில்தானாம். ஜேசிபியை அங்கேயே முதலில் இறக்கப்போகிறார்.

“நீங்க எழுதிட்டா மறு பேச்சு இல்ல மேடம்,” என்றார். டீ வரவழைத்தார். நல்ல டீ.

19.6.2024, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை 7.40. நான் மேற்குப் பகுதியில் இருந்தேன். பொன்னுத்தாய் வடக்கில் செம்பருத்திச் செடிகளை வேரோடு எடுத்துக்கொண்டிருந்தாள். ஜேசிபி வருவதற்குள் அவற்றைக் குளத்துக்கரைக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவு. என் தோளில் யாரோ கை வைத்தார்கள். திரும்பினேன், அவள்தான்.

“எத்தன தடவ கூப்புடுறது? இதப் பாருங்க,” என்று முந்தானையை விரித்தாள்.

ஓட்டைக் காலணா ஏழு. ஓட்டை இல்லாத பெரிய செப்புக் காசு இரண்டு, பச்சை பிடித்தது. ஒரு வெள்ளி ரூபாய். கிரீடம் வைத்த ராணியின் முகம் துல்லியமாகத் தெரிந்தது.

“எங்க கெடைச்சது?”

“அந்தச் செம்பருத்தி மூட்டுல. ஒரு சாண் ஆழம்கூட இல்ல.”

என் மஞ்சள் கொடிக்கு இரண்டடி தள்ளி இருந்தது அந்தக் குழி.

வெள்ளி ரூபாயைத் தரையில் வைத்தேன். கருவியை அதன் மேல் வீசினேன். சத்தமே வரவில்லை. மறுபடி வீசினேன். இல்லை.

“கருவி போயிருச்சு,” என்றேன்.

“நிப்பாட்டுங்கம்மா, காதத் தொளைக்குது.”

“எது?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “இதுதான். கீச்சுன்னு கத்துதே.”

“எப்ப?”

“இப்பத்தாம்மா. இந்தா, இப்பவும்.”

நான் கருவியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீசினேன். காசின் மேல் கருவி போகும்போதெல்லாம் அவள் கண் சுருங்கியது. விலகினால் சரியானது. பத்து முறை வீசினேன். பத்து முறையும் அப்படித்தான்.

காசுகளைக் கவரில் போட்டு எண் எழுதினேன். பொன்னுத்தாயிடம் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்தேன்.

கருவி பழுது.

மேலே உள்ள வரியை அடித்துவிட்டேன்.

20.6.2024, வியாழன்

காலையில் திரைமேல் இருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தேன். வெள்ளி ரூபாயின் கவரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து வீசினேன். திரையில் 88 என்று வந்தது. தெளிவாக வந்தது. கருவிக்கு ஒன்றும் இல்லை.

இவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குது மேரி.”

“எனக்குக் கேக்கல.”

“தெரியும்.”

“எப்பலருந்து?”

“ரெண்டு மூணு வருஷமா. குக்கர் விசில்ல மொதல்ல தெரிஞ்சுச்சு. அப்புறம் போன் மணி.”

“ஏன் சொல்லல?”

“ஒரு தடவ சொன்னேன். நீ எனக்குத்தான் குரல் கம்மிப்போச்சுன்னு சொன்ன. சரி, கூட்டிக்குவோம்னு கூட்டிக்கிட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று எழுதத் தெரியவில்லை. மதியம் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் ஒரு பெண். முதலில் மடமடவென்று தூக்கினேன். அப்புறம் அவள் பொத்தானை அழுத்துவது தெரிகிறது, எனக்குத் தூக்க ஒன்றும் இல்லை. தெரிகிறதே என்று தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

தாளில் கோடு மலையிலிருந்து இறங்குவது போல இறங்கியது. கனத்த குரல் கேட்கும். உச்சக் குரல் கேட்காது. டாக்டர் கேட்டார், “வெடிச் சத்தத்துக்குப் பக்கத்துல இருந்திருக்கீங்களா?”

“வேலையே அதுதான்.” கைப்பற்றிய குண்டுகளைக் குவாரியில் வைத்து வெடிக்கச் செய்வோம். அறுபது எழுபது முறை இருக்கும். காதடைப்பான் போட்டது பாதி முறை.

“எத்தன வருஷமா இப்படி இருக்கும்?” என்று நான் கேட்டேன்.

“கொஞ்சம் கொஞ்சமா வந்ததும்மா. அஞ்சாறு வருஷம் இருக்கலாம். தேதி சொல்ல முடியாது.”

ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்கு முந்தைய மூன்று நான்கு வருடங்களில் நான் சோதனை போட்ட மேடைகள், கோவில் திருவிழா, ரயில் நிலையம், ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. எல்லாவற்றிலும் நான் முன்னால் நடந்து, சுத்தம் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஜனங்களையும் பிள்ளைகளையும் உள்ளே விட்டார்கள்.

சாப்பிடவில்லை. இவரும் சாப்பிடவில்லை.

21.6.2024, வெள்ளி

வடக்குப் பகுதி அறிக்கையைத் திரும்பப் பெற கோமதிநாயகத்திடம் போனேன். அவர் கையில் வேலை உத்தரவு இருந்தது.

“என்ன மேடம், ஜேசிபிக்கு வாடகை பேசியாச்சு. நீங்கதானே சுத்தம்னு எழுதிக் குடுத்தீங்க?”

“தப்பா எழுதிட்டேன். அங்க காசு இருக்கு. மறுபடி பாக்கணும். ரெண்டு நாள் குடுங்க.”

பொன்னுத்தாய் எடுத்த காசுகளைக் காட்டினேன். அவர் வெள்ளி ரூபாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுஷன். பிறகு சொன்னார், “சரி. லெட்டர் ஒண்ணு குடுங்க. கருவி கோளாறுன்னு எழுதிருங்க, நான் ஃபைல்ல வச்சுக்கிறேன். யாருக்கும் சங்கடம் இல்ல.”

பேனாவை நீட்டினார். எழுத ஆரம்பித்தேன். ‘கருவியில் ஏற்பட்ட’ என்பது வரை எழுதினேன். என் பிரிவில் யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் அந்தத் தாளை அவர்கள் முகத்தில் எறிந்திருப்பேன். வேறு தாள் கேட்டு வாங்கினேன்.

“எனக்குச் செவித்திறன் குறைந்திருப்பதை அறியாமல் 17.6.2024 அன்று அறிக்கை அளித்தேன். கருவி நல்ல நிலையில் உள்ளது. என் மூன்று அறிக்கைகளையும் திரும்பப் பெறுகிறேன்.”

“மூணுமா?” என்றார்.

“மூணும்தான். மத்த ரெண்டுலயும் இதே காதாலதான் கேட்டேன்.”

அவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் படித்தார். ஜேசிபியை 26ஆம் தேதிக்கு மாற்றினார். அதற்கு மேல் தள்ள முடியாது என்றார். நான் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஜெயபாண்டிக்குப் போன் செய்தேன். என் பிரிவில் ஒன்பது வருடம் என் கூடவே இருந்த ஹெட் கான்ஸ்டபிள். இப்போது எஸ்.ஐ. தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான். “நேர்ல வா” என்று மட்டும் சொன்னேன்.

22.6.2024, சனி

ஜெயபாண்டி காலை பதினொரு மணிக்கு வந்தான். சீருடை இல்லை. இருந்தும் விறைப்பாக நின்றான். உட்காரச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

“எனக்குக் காது கேக்கலைன்னு ஒனக்குத் தெரியுமா?”

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். இவர் காப்பி போட உள்ளே போய்விட்டார்.

“தெரியும் மேடம்.”

“எப்போ?”

“ஸ்டேடியம் டியூட்டிக்கு முன்னாடி ஒரு ஒத்திகை வச்சோமே. நான் பொதச்சு வச்ச செப்புக் குழாய நீங்க தாண்டிப் போயிட்டீங்க. நீங்க வெளையாட்டுக்குச் செய்யுறீங்கன்னு நெனச்சேன். மறுநாளும் தாண்டிட்டீங்க.”

“அப்ப எனக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருந்துச்சேடா.”

“ஆமா மேடம்.”

“அப்ப அந்த மூணு வருஷமும்?”

அவன் தரையைப் பார்த்தான். “நீங்க முடிச்சு எழுதுனப்புறம் நான் ஒரு ரவுண்டு போவேன். டேப் சுருட்டுறேன், கொடி எடுக்குறேன்னு சொல்லிட்டு. கருவிய ஆஃப் பண்ணாமப் போவேன்.”

“எல்லா எடத்துக்குமா?”

“எல்லா எடத்துக்கும்.”

“அந்தப் பள்ளிக்கூடம்?”

“ரெண்டு ரவுண்டு போனேன் மேடம்.”

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவனிடம் காட்டவில்லை. அதிகாரியாகத்தான் கேட்டேன். “மேல சொல்லியிருக்கணும். அதுதான் முறை. ஏன் சொல்லல?”

“சொன்னா உங்கள ஆஃபீஸ்ல உக்கார வச்சிருவாங்க. வயர் பிரிக்கிறதுக்கு உங்க கை மாதிரி நம்ம பிரிவுல இல்ல. கேக்குறதுக்கு ஆள் இருக்கு, பிரிக்கிறதுக்கு இல்லைன்னு நானா முடிவு பண்ணுனேன்.”

“நீ என்னைக்காவது லீவுல இருந்திருந்தா?”

“இல்ல மேடம்.”

“என்ன இல்ல?”

“உங்களுக்குச் சோதனை டியூட்டி இருந்த நாள்ல லீவு போடல.”

“ஒன் தங்கச்சி கல்யாணம்?”

“தாலி கட்டுனதும் வந்துட்டேன். சாப்புடாம எதுக்குடா வந்தேன்னு நீங்ககூடத் திட்டுனீங்க.”

திட்டியது ஞாபகம் இருக்கிறது. பொறுப்பில்லாத அண்ணன் என்று திட்டினேன்.

காப்பி வந்தது. மூன்று பேரும் குடித்தோம். நான் அவனிடம் சொன்னேன், “நீ செஞ்சது தப்பு. எஸ்.ஐ. ஆனப்புறம் ஒன் கீழ ஒருத்தன் இப்படிச் செஞ்சா சார்ஜ் ஷீட் குடுக்கணும். புரியுதா?”

“புரியுது மேடம்.”

“சாப்புட்டுட்டுப் போ.”

இரண்டு முறை சோறு போட்டேன். மூன்றாவது முறை தட்டை மறைத்தான். அவன் பைக் தெருமுனை திரும்பும் வரை கேட்டில் நின்றேன். அப்புறம் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். நடந்தது, எழுதிவிட்டேன்.

23.6.2024, ஞாயிறு

பூசைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சாமியார் நன்றாகத்தான் பேசுகிறார்.

மதியம் இவருக்குப் பயிற்சி. மொட்டை மாடியில் ஆணி, ஓரணா, காலணா, வெள்ளி ரூபாய் நான்கையும் சாக்குக்கு அடியில் மறைத்து வைத்தேன். ஹெட்போனை இவர் காதில் மாட்டினேன். கருவியை நான் வீசினேன். கைப்பழக்கம் எனக்கு, காது இவருக்கு. காசு கிடைத்தால் எப்படிச் சொல்வது என்று சைகை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியும். நீ நட,” என்றார்.

நடந்தேன். “ரைட்… ரைட்… ரைட்…” என்று வந்தவர் திடீரென்று, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற மாதிரி, “ஹோல்டான்” என்றார். சாக்கைத் தூக்கினேன், வெள்ளி ரூபாய். முப்பது வருடம் பஸ் ஓட்டிய டிரைவரின் காலும் பிரேக்கும் எப்படியோ, இவர் குரலும் என் கையும் அப்படி. அரை மணியில் ஆணிக்கும் காலணாவுக்கும் வித்தியாசம் சொல்லிவிட்டார்.

24.6.2024, திங்கள்

வடக்குப் பகுதி, இரண்டாம் முறை. பொன்னுத்தாய் மண்வெட்டியோடு கூட வந்தாள். மற்ற பகுதிகளுக்கு நேரம் இருக்குமா தெரியவில்லை. முதலில் இது.

காலை ஆறு முதல் பதினொன்று வரை இவர் நூற்றுப்பதினாறு முறை ஹோல்டான் சொன்னார். ஓட்டைக் காலணா மட்டும் அறுபதுக்கு மேல். ஓர் இடத்தில் ஒரு காலடி அகலத்துக்கு ஒன்பது காசு. அங்கே யாரோ கடை போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பொன்னுத்தாய் ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கவரில் போட விட்டாள்.

“இம்புட்டும் கெடந்திருக்கு, நான் இதும் மேலதான் அஞ்சு வருஷமாக் கூட்டியிருக்கேன்,” என்றாள்.

“நான் இதும் மேலதான் சுத்தம்னு எழுதுனேன்,” என்றேன். அவள் சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்தாள். நான் சிரித்ததும் சிரித்தாள்.

வெயில் ஏறியதும் இவருக்குத் தலை சுற்றியது. மோர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தோம். வயது அறுபத்தாறு. மாலை நான்கிலிருந்து ஆறு வரை மறுபடி.

25.6.2024, செவ்வாய்

காலை 9.20. வடகிழக்கு மூலை, பழைய மதில் ஓரம். இவர் ஹோல்டான் சொல்லவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் அருகில் வந்தார்.

“மேரி, இது நிக்கவே மாட்டேங்குது. ஒரே குரலாப் போய்க்கிட்டே இருக்கு.”

திரையைப் பார்த்தேன். 90, 91, 90. குறுக்கே வீசினாலும் அதே. ஒரு காசு இல்லை.

பொன்னுத்தாய் மண்வெட்டியைத் தூக்கினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன். இது என் வேலை. மண்டியிட்டேன். ஓரத்திலிருந்து கரணையால் மண்ணைச் சீவினேன். ஒரு சாணுக்குக் கீழே பெயின்ட் பிரஷ். மேலே இருந்து குத்தக் கூடாது, பக்கவாட்டில் குடைந்து வர வேண்டும். நாற்பது நிமிடம் ஆனது. கை பழைய வேலையை மறக்கவில்லை.

ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி. தேங்காய் அளவு. மூடி பச்சை பிடித்து இறுகியிருந்தது. தூக்கினால் கனம் கையை இழுத்தது. உள்ளே அசைவு இல்லை. ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக இருக்கிறது.

“தெறங்கம்மா,” என்றாள் பொன்னுத்தாய். இவரும் அதையேதான் முகத்தால் சொன்னார்.

“மூடுன பெட்டிய எடத்துலயே தெறக்கக் கூடாது,” என்றேன். பழக்கம். சட்டமும் அதுதான். கோமதிநாயகத்தை வரவழைத்து, குழியை அளந்து, படம் எடுத்து, பெட்டியைத் துணியில் சுற்றி முத்திரை வைத்தோம். பொன்னுத்தாய் அவரிடம், அந்த மதில் ஓரத்தில் அந்தக் காலத்தில் வளையல் கடை போடுவார்கள் என்று தன் மாமியார் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். யார் புதைத்தார்கள், ஏன் திரும்பி வரவில்லை என்று அவளும் கேட்டாள், அவரும் கேட்டார். எனக்குத் தெரியாது.

மாலை வரை நடந்தோம். வடக்கு முழுவதும், கிழக்கில் பாதி. தெற்கும் மேற்கும் முடியவில்லை. புது அறிக்கையில் அப்படியே எழுதினேன்: “பார்க்காத பகுதி: தெற்கு, மேற்கு, கிழக்கில் பாதி.” கோமதிநாயகம் அதைப் படித்துவிட்டு, வடக்கில் முதலில் தோண்டுவதாகவும், மற்ற பகுதிகளுக்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்றும் சொன்னார். பத்து நாள் போதும்.

26.6.2024, புதன்

தாலுகா அலுவலகம். மூன்று பேரும் போனோம். பொன்னுத்தாய் கல்யாணச் சேலை கட்டி வந்திருந்தாள்.

தாசில்தார் முன்னால் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். திறக்க ஒரு நகை ஆசாரியை வரவழைத்திருந்தார்கள். மக்கிப்போன துணி, அதற்குள் வெள்ளி ரூபாய்கள், ஒன்றோடொன்று ஒட்டி ஓர் உருளை போல. நடுவில் ஒரு சின்னஞ்சிறு வெள்ளித் தண்டை. குழந்தை போடுகிற அளவு. ஒன்றுதான் இருந்தது. அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இது எனக்குக் காது கேட்காததால் எழுதுவது அல்ல, இவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

பிறகு எழுத்தர் படிவத்தை எடுத்தார். குனிந்து எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். இப்படிப்பட்ட நேரத்தில் நான் என்ன செய்வேன் என்பது இந்த ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. தலையாட்டுவேன். அல்லது கேட்டிருக்கக்கூடிய கேள்வியை ஊகித்துப் பதில் சொல்வேன். ஐந்தாறு வருடமாக அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். இவர் என் காதுக்குப் பக்கம் குனிந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“எனக்குக் காது சரியாக் கேக்காது. நிமிந்து என்னப் பாத்துச் சொல்லுங்க,” என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எழுத்தர் நிமிர்ந்தார். “கண்டெடுத்தவங்க பேரு என்னம்மா?”

“பொன்னுத்தாய். அருளானந்து. சந்தனமேரி.”

“மூணு பேரா? இதுல ஒரு வரிதாம்மா இருக்கு.”

“பொடியா எழுதுங்க.”

எழுதினார். சரியாக எழுதியிருக்கிறாரா என்று படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.